அடுக்களைச் சாம்பலும் அங்காடிப் பொடியும்

உணவு ஒட்டிய கலங்களைப் 'பற்றுப் பாத்திரம்' என்பது பழைய வழக்கு. அதுவே பேச்சில் 'பத்துப் பாத்திரம்' எனத் திரிந்தது. இப்பற்றை நீக்கும் பணி சமண இல்லறத்தாருக்குத் தூய்மை பற்றியது மட்டுமன்று. கொல்லாமை பற்றியதும் ஆகும். வாய்பட்ட எச்சில் 48 நிமிடத்திற்கு மேல் கிடந்தால் அதில் நுண்ணுயிர்கள் தோன்றும் என்பது சமண மரபின் கொள்கை. உண்ட தட்டிலேயே நீர் வார்த்துக் கழுவி, அந்நீரையும் பருகிவிடும் வழக்கம் அதன்பொருட்டே எழுந்தது. உரல், அம்மி, அடுப்பு, நீர்க்குடம், துடைப்பம் என்னும் ஐந்தையும் இல்லறத்தார் அறியாது உயிர்வதை செய்யும் இடங்களாக எண்ணிய சமயத்தார், கலம் துலக்கும் பொருளைக் குறித்துக் கவலை கொள்வது இயல்பே.

விறகடுப்பு எரிந்த காலத்தில் துலக்கும் பொருள் அடுப்பிலேயே பிறந்தது. மரச்சாம்பலில் உள்ள பொட்டாசியம் கார்பனேட் நீரில் கரைந்து காரமாகி, எண்ணெய்ப் பிசுக்கில் ஒரு பகுதியைச் சவுக்காரமாகவே மாற்றிவிடும். 'ஆல்கலி' என்னும் அறிவியற் சொல்லும் செடிச்சாம்பலைக் குறித்த அரபுச் சொல்லின் வழிவந்ததே. எஞ்சிய பிசுக்கைத் தேங்காய் நார் தேய்த்தெடுக்கும். செம்பு, பித்தளைக் கலங்களுக்கோ புளி வேண்டும்; அதிலுள்ள டார்டாரிக் அமிலம் களிம்பைக் கரைக்கும். செங்கற்பொடி மெருகேற்றும், ஆயினும் அளவு மிஞ்சினால் உட்புறம் பூசிய ஈயத்தையும் தேய்த்துவிடும். ஈயம் போன பித்தளையில் வைத்த புளிக்குழம்பு களிம்பேறி நஞ்சாகும். மார்வார் வறள்நிலத்தில் நீரின்றி மணலும் சாம்பலும் கொண்டே கலம் துலக்கினர். நீர்ச்செலவைக் கருதின், எம்முறையினும் அதுவே சிறந்தது எனலாம்.

1888இல் கல்கத்தாத் துறைமுகத்தில் 'சன்லைட்' சவுக்காரக் கட்டிகள் வந்திறங்கின. அதே லீவர் நிறுவனம் 1904இல் இங்கிலாந்தில் 'விம்' பொடியை வெளியிட்டது. அக்கால ஐரோப்பியச் சவுக்காரத் தொழிலில் மாட்டுக்கொழுப்பு பொதுவான மூலப்பொருள்களுள் ஒன்று. ஆதலின் சமணர் அடுக்களையில் கடைச்சவுக்காரம் ஐயத்திற்கு உரியதாயிற்று. 1917இல் தோன்றிய டாட்டா எண்ணெய் ஆலை நிறுவனம் கொச்சியில் தேங்காயெண்ணெயை முதலாகக் கொண்டு தொழில் நடத்தியது. தாவர எண்ணெயினாலும் நல்ல சவுக்காரம் செய்யலாம் என்பது அப்போது நம் கண்முன்னரே விளங்கியது.

எனினும் சாம்பலை அடுக்களையினின்று அகற்றியது விளம்பரம் அன்று, அடுப்பே ஆகும். 1965இல் 'இண்டேன்' எரிவாயு வந்தது. எரிவாயு அடுப்பில் சாம்பல் ஏது? கலங்களும் மாறின. சேலம் உருக்காலை 1982இல் எவர்சில்வர்த் தகடு உருட்டத் தொடங்கியது. எவர்சில்வரில் களிம்பு ஏறாது; புளிக்கு வேலை இல்லாமற் போயிற்று. அலுமினியக் குக்கரைச் சாம்பற்காரம் அரித்துக் கறுக்கச் செய்யும். 1955இல் கோவையில் பி. சபாபதி உருவாக்கிய மாவரைக்கும் இயந்திரமும், பின்வந்த மிக்சியும் வேறொரு சிக்கலைக் கொணர்ந்தன: கத்தியின் அடியிலும் ரப்பர் வளையத்தின் இடுக்கிலும் மாவு தங்கிப் புளித்தது. அவ்விடத்திற் சாம்பலைத் தேய்க்க இயலாது. 'சபீனா' முதலிய பொடிகளும், பின்னர்க் கட்டிகளும், திரவங்களும் வீடுதோறும் நிலைத்தன.

இன்று பூந்திக்கொட்டையும் எலுமிச்சைத் தோலும் ஆப்பச்சோடாவும் மீண்டும் போற்றப்படுகின்றன. போற்றத்தக்கனவே, ஆனால் ஆராயாது போற்றுதல் தகாது. சோடாவுடன் எலுமிச்சைச் சாற்றைக் கலந்தால் நுரை பொங்குமேயன்றி, காரமும் புளிப்பும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். தனித்தனியே பயன்படுத்தினால்தான் பயன்: அடுப்பு மேடையின் பிசுக்குக்குச் சோடா, கெண்டியில் படிந்த உப்புக்கறைக்கு எலுமிச்சை. மேலும் ஆப்பச்சோடா தொழிற்சாலைப் பொருளே. பூந்திக்கொட்டையின் சபோனினோ மீனுக்கு நஞ்சு. அக்கழுவுநீர் குளத்திற் கலந்தால் அங்கும் உயிர்வதை உண்டு. கடைத்திரவத்தின் நுரையைப் பழிப்போர் இதனையும் எண்ண வேண்டும்.

சமந்தபத்திரர் தம் இரத்தினகரண்டகத்தில் நிலம், நீர், தீ, காற்று ஆகியவற்றை வீணே கையாளுதலைப் 'பிரமாதசரியை' எனத் தனிக்குற்றமாக வைத்தார். தமிழில் அருங்கலச்செப்பு அந்நூல்வழி வந்தது. குழாயைத் திறந்துவிட்டபடியே நுரை போகுமட்டும் கலம் கழுவுதல் இக்குற்றத்துள் அடங்கும்; துலக்கும் பொருள் வீட்டினதாயினும் கடையினதாயினும் வேறுபாடில்லை.

ஒருகாலத்தில் எருக்குழிக்குச் சென்ற அடுப்புச் சாம்பல், இப்போது வண்ணப் பையில் அடைக்கப்பட்டு விலைக்கு விற்கப்படுகிறது. வாங்குவோரும் இருக்கின்றனர்.