சிப் கார்டு இருந்தாலும் பின் நம்பரை மறைக்கணுமா?
கிழக்கேகோட்டையில் இருந்து சில கிலோமீட்டர் தள்ளி வெள்ளயம்பலம். 2016 ஆகஸ்ட்டில் இங்குள்ள எஸ்பிஐ ஏடிஎம்மில் கருவி வைத்துக் கார்டு விவரங்களைத் திருடினார்கள். பணம் எடுக்கப்பட்டது மும்பையில். ருமேனியாக்காரர் ஒருவர் அங்கேயே கைதானார்.

எப்படி நடந்தது? கார்டின் பின்னால் இருக்கும் காந்தப் பட்டையை நகலெடுப்பது சுலபம். ஆனா பின் நம்பர் அதில் இருக்காது. அதுக்குத்தான் கேமரா. புகையைக் கண்டறியும் கருவி மாதிரி மேலே ஒட்டியிருந்தால் யார் அண்ணாந்து பார்க்கப் போகிறார்கள்?

"இப்போதான் சிப் வந்தாச்சே" என்பார்கள். சிப்பை நகலெடுப்பது கஷ்டம், சரி. பல கார்டுகளில் பட்டையும் இன்னும் இருக்கே! அதனால், கையால் மறைத்தே அழுத்துங்கள்.

பணம் போய்விட்டால் வங்கிக்கும் 1930-க்கும் உடனே சொல்லுங்கள். தவறு உங்களுடையதும் இல்லை, வங்கியுடையதும் இல்லை என்றால், 3 வேலை நாட்களுக்குள் வங்கியிடம் புகார் செய்தவருக்கு இழப்பு கிடையாது என்றது ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை சுற்றறிக்கை. எஸ்எம்எஸ் வந்த நாள் இந்தக் கணக்கில் சேராது என்றும் அது சொன்னது.