போக்கர் மேசையில் பெண்கள்: வெற்றிப் பட்டியல் சொல்லாத கணக்கு

2018 ஜனவரியில் புதுடில்லி ராஷ்டிரபதி பவனில் 112 பெண்கள் கௌரவிக்கப்பட்டார்கள். தத்தம் துறையில் முதலாவதாகக் காலடி வைத்த பெண்களுக்கு இந்திய மகளிர், சிறுவர் மேம்பாட்டு அமைச்சு ஏற்பாடு செய்த நிகழ்வு அது. முதல் பெண் தீயணைப்பு வீரர், பயணிகள் ரயிலின் முதல் பெண் சாரதி என்று நீண்ட அந்த வரிசையில் டில்லியைச் சேர்ந்த முஸ்கான் சேத்தியும் இருந்தார். இந்தியாவின் முதல் பெண் தொழில்முறை போக்கர் ஆட்டக்காரர் என்பதற்காக அவர் அன்றைய ஜனாதிபதி ராம்நாத் கோவிந்தின் முன் நின்றார்.

ஏழு ஆண்டுகள் கழித்து, 2025 ஆகஸ்டில், அதே நாட்டின் நாடாளுமன்றம் இணையத்தில் பணம் கட்டி ஆடும் எல்லா விளையாட்டுகளையும் தடைசெய்தது. போக்கரும் அதில் அடங்கியது. ஒரு பெண்ணின் தொழிலுக்கு விருது கொடுத்த அரசே அந்தத் தொழிலின் பெரும்பகுதியைச் சட்டவிரோதமாக்கியது ஏன்? இரண்டுக்கும் காரணம் இருக்கிறது. அதை விளங்கிக்கொள்ள, இந்தத் தொழில் எப்படி நடக்கிறது என்று முதலில் பார்க்கவேண்டும்.

304 தெரிந்தவர்களுக்குப் போக்கர்

எங்கள் ஊர்களில் செத்தவீட்டு இரவுகளிலும் கோயில் மடங்களிலும் 304 ஆடாதவர்கள் குறைவு. ஜாக் 30, ஒன்பது 20, ஏஸ் 11, பத்து 10, கிங் 3, குயீன் 2 என்று நான்கு சாதிக்கும் கூட்டினால் 304 வரும். கையில் உள்ள சீட்டை வைத்துக் கேட்பதும், துரும்பைக் கவிழ்த்து வைப்பதும், எதிராளியின் முகத்தைப் படிப்பதும் அதில் உண்டு. போக்கரிலும் இவை எல்லாம் உண்டு. வேறுபாடு, புள்ளிக்குப் பதிலாகப் பணம் இருப்பதுதான்.

இன்று அதிகம் ஆடப்படும் 'டெக்சாஸ் ஹோல்டெம்' முறையில் ஒவ்வொருவருக்கும் இரண்டு சீட்டுகள் மறைவாகக் கிடைக்கும். மேசையில் ஐந்து சீட்டுகள் பொதுவாக விரிக்கப்படும். இடையில் நான்கு தடவை பந்தயம் கட்டலாம். எல்லோரையும் பின்வாங்கவைத்தால், கையில் ஒன்றுமில்லாமலேயே பணத்தை எடுத்துவிடலாம்.

கசினோவின் மற்ற ஆட்டங்களில் எதிராளி கசினோதான். கணக்கு எப்போதும் அதன் பக்கம் சாய்ந்திருக்கும். போக்கரில் எதிராளி பக்கத்தில் இருக்கும் மனிதர். கசினோ ஒவ்வொரு ஆட்டத்திலும் ஒரு சிறு பங்கை எடுத்துக்கொள்கிறது. எனவே நீண்ட காலத்தில் திறமையுள்ளவர் வெல்லமுடியும். ஆனால் அவர் வெல்லும் ஒவ்வொரு டொலரும் மேசையில் இருந்த இன்னொருவர் தோற்றது. கசினோவின் பங்கும் அவர்களிடமிருந்தே போகிறது. மொத்தத்தில் தோற்பவர்களின் தொகை வெல்பவர்களின் தொகையைவிட எப்போதும் பெரிது.

லாஸ் வேகாஸில் ஓர் இந்தியப் பெண்

முஸ்கான் சேத்தி விருது பெற்ற அதே ஆண்டின் கோடையில் டில்லியின் இன்னொரு பெண், நிகிதா லூதர், லாஸ் வேகாஸில் நடந்த போக்கர் உலகத் தொடரில் வென்றார். 1970இல் தொடங்கிய அந்தத் தொடரில் ஒவ்வொரு போட்டியின் வெற்றியாளருக்கும் கைவளையம் ஒன்று வழங்கப்படும். கிரிக்கெட் ஆட்டக்காரருக்கு உலகக் கிண்ணம் எப்படியோ, போக்கர் ஆட்டக்காரருக்கு அந்த வளையம் அப்படி. அதை வென்ற முதல் இந்தியப் பெண் நிகிதா.

அவர் வென்றது அணிப் போட்டி. ஆட்டத்தின் நடுவே அணியினர் மாறி மாறி அமரலாம். ஜெர்மனியின் ஜுசெப்பே பந்தலேயோ அவருடைய கூட்டாளி. ஓர் அணிக்குக் கட்டணம் 1,000 டொலர். 1,032 அணிகள் இறங்கின. முதற்பரிசு 175,805 டொலர்.

செய்திகளில் வந்தது அந்தத் தொகைதான். ஆனால் அது இருவருக்கான பரிசு. அமெரிக்காவுடன் இதற்கான வரி ஒப்பந்தம் இல்லாத நாட்டவரின் பரிசில் 30 சதவீதம் அங்கேயே பிடிக்கப்படும். விமானக் கட்டணம், வாரக்கணக்கான ஹோட்டல் செலவு, அதற்கு முன் தோற்ற போட்டிகளின் கட்டணம் எல்லாம் தனி. பெரிய போட்டிகளுக்குப் போகும் பலர் தங்கள் ஆட்டத்தின் பங்குகளை முன்கூட்டியே பிறருக்கு விற்றுவிடுகிறார்கள். வென்றால் அந்தப் பங்கு போய்விடும். 'இவர் இத்தனை இலட்சம் டொலர் வென்றவர்' என்று இணையத்தில் வரும் பட்டியல்கள் பரிசை மட்டும் கூட்டுகின்றன. கட்டிய கட்டணத்தைக் கழிப்பதில்லை. அதனால், பட்டியலில் பத்து இலட்சம் காட்டும் ஒருவர் உண்மையில் நட்டத்தில் இருக்கவும் கூடும்.

சிறுநீரக நோயோடு ஆடிய ஜெனிபர் ஹார்மன்

மிகப் பெரிய பந்தய மேசைகளில் ஒரு பெண் ஆண்டுக்கணக்காக நின்றுபிடித்த கதைக்கு அமெரிக்காவின் ஜெனிபர் ஹார்மனைத்தான் சொல்லவேண்டும். 1964இல் நெவாடா மாநிலத்தின் ரீனோ நகரில் பிறந்தவர். சிறு வயதிலேயே தந்தையின் வீட்டு மேசையில் ஆட்டம் பழகினார். பல்கலைக்கழகத்தில் உயிரியல் படித்தார். அவருடைய 17ஆவது வயதில் தாய் சிறுநீரக நோயால் இறந்தார். அதே நோய் மகளுக்கும் வந்தது. இரண்டு தடவை சிறுநீரக மாற்றுச் சிகிச்சை செய்துகொண்டார். 2004இல் இரண்டாவது சிகிச்சைக்காக ஓராண்டளவு ஆட்டத்தை நிறுத்தவேண்டியிருந்தது. பின்னர் உறுப்பு தானம் பற்றிய விழிப்புணர்வுக்காக ஓர் அமைப்பையும் தொடங்கினார்.

2000ஆம் ஆண்டு 5,000 டொலர் கட்டணமுள்ள போட்டி ஒன்றில் தன் முதல் வளையத்தை வென்றார். மிகக் குறைந்த சீட்டு வைத்திருப்பவர் வெல்லும் ஆட்டம் அது. அந்த ஆட்டத்தை அவர் முன்பு ஆடியதே இல்லை. போட்டி தொடங்குமுன் இன்னொரு ஆட்டக்காரரிடம் சில நிமிடங்கள் பாடம் கேட்டுவிட்டு அமர்ந்தார். 2002இல் இரண்டாவது வளையம் கிடைத்தது. பெண்களுக்கென்று ஒதுக்கப்படாத பொதுப் போட்டிகளில் இரண்டு வளையம் வென்ற முதல் பெண் அவர்.

ஆனால் அவருடைய உண்மையான தொழில் போட்டிகளுக்கு வெளியே, நேரடிப் பண மேசைகளில் நடந்தது. 2001க்குப் பிறகு டலஸ் நகர வங்கியாளர் ஆண்டி பீல், உலகின் சிறந்த ஆட்டக்காரர்களைத் தனித்தனியாகச் சவாலுக்கு அழைத்தார். அவர் கேட்ட பந்தயத்தைத் தனியாகத் தாங்க எவராலும் முடியவில்லை. ஆகவே தொழில்முறை ஆட்டக்காரர்கள் பணத்தைச் சேர்த்து ஒரு கூட்டாக நின்றார்கள். சீட்டுக் கட்டுவது போன்ற ஓர் ஏற்பாடுதான். அந்தக் கூட்டில் ஹார்மனும் ஒருவர். உலகின் மிகச் சிறந்தவர்களே நட்டத்தைப் பங்கிட்டுத்தான் அந்த மேசைக்குப் போனார்கள் என்பது கவனிக்கவேண்டிய விஷயம். 2015இல் போக்கர் புகழ் மண்டபத்தில் ஹார்மன் சேர்க்கப்பட்டார். அங்கு முதலில் இடம்பெற்ற பெண் பார்பரா என்ரைட் (2007).

முதல் மணித்தியாலத்தில் வெளியேறிய வெற்றியாளர்

வனெசா செல்ப்ஸ்ட் யேல் பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்தவர். 2008, 2012, 2014 ஆகிய ஆண்டுகளில் பொதுப் போட்டிகளில் மூன்று வளையங்களை வென்றார். அவருடைய மொத்தப் பரிசுத் தொகை 1 கோடி 18 இலட்சம் டொலரைத் தாண்டும். நெடுங்காலம் பெண்களில் முதலிடம் அவருக்குத்தான்.

2017இல் 10,000 டொலர் கட்டணமுள்ள பிரதான போட்டியில் அவருக்கு இரண்டு ஏஸ் கிடைத்தன. அதைவிட நல்ல தொடக்கம் போக்கரில் இல்லை. மேசையில் மூன்றாவது ஏஸ் விழுந்தது. எதிரே இருந்த பிரான்ஸ் நாட்டு ஆட்டக்காரி கயெல் போமனிடம் இரண்டு ஏழு. மேசையில் இன்னும் இரண்டு ஏழு விழுந்தன. நான்கு ஏழு. செல்ப்ஸ்ட் போட்டியின் முதல் மணித்தியாலத்திலேயே வெளியேறினார். அவர் பிழை எதுவும் விடவில்லை.

இப்படி நடப்பது அபூர்வம்தான். ஆனால் சாதாரணக் கணக்கும் கடுமையானது. இரண்டு ஏஸை இரண்டு கிங்குக்கு எதிராக வைத்து முழுப் பணத்தையும் கட்டினால், 100இல் 82 தடவைதான் வெல்லலாம். ஆறில் ஒரு தடவைக்கும் சற்று அதிகமாகத் தோல்வி. போட்டிகளில் பொதுவாக 100 பேரில் 15 பேரளவுக்கே பரிசு. அதிலும் பெரும்பாலோருக்குக் கிடைப்பது கட்டிய தொகையின் இரண்டு மடங்குக்குக் கிட்டத்தான். அதனால்தான் குறைந்தது 100 போட்டிகளுக்கான கட்டணத்தைத் தனியாக ஒதுக்கிவைக்காமல் இறங்கக்கூடாது என்பார்கள் அனுபவசாலிகள். 1,000 டொலர் போட்டி ஆட விரும்புபவர், முழுவதும் தொலைந்தாலும் வீட்டுச் சோறு நிற்காத ஒரு இலட்சம் டொலர் வைத்திருக்கவேண்டும்.

2018இன் தொடக்கத்தில் செல்ப்ஸ்ட் முழுநேர ஆட்டத்திலிருந்து விலகி ஒரு முதலீட்டு நிறுவனத்தில் மாதச் சம்பள வேலைக்குப் போனார். அவரைப் போன்ற ஒருவரே அந்த முடிவை எடுத்தார்.

பெண்கள் ஏன் இவ்வளவு குறைவு?

உலகத் தொடரின் பிரதான போட்டியில் பெண்கள் 100க்கு 5 பேர்கூட இல்லை. 1995இல் பார்பரா என்ரைட் இறுதி மேசைக்கு வந்து ஐந்தாமிடம் பெற்றார். அதன் பிறகு அந்த மேசையில் ஒரு பெண் அமர 30 ஆண்டுகள் ஆயின. 2025இல் ஸ்பெயினின் லியோ மார்கெட்ஸ் ஏழாமிடம் பெற்றார்.

சீட்டுக்கு ஆண் பெண் தெரியாது. ஆனால் இரவு முழுக்க வெளியே இருக்கும் சுதந்திரம், இழக்கத் தாங்கும் பணம், கடன் தந்து தாங்கும் நண்பர் வட்டம், பிள்ளைகளைப் பார்க்க இன்னொருவர் எல்லாம் இந்தத் தொழிலுக்கு வேண்டும். அவை யாரிடம் கூடுதலாக இருக்கின்றன என்பதைச் சொல்லத் தேவையில்லை.

சட்டம் எங்கே நிற்கிறது?

தமிழ்நாட்டில் இணைய ரம்மியால் கடன்பட்டவர்களின் தற்கொலைகள் தொடர்ந்தபோது, 2022இல் ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் குழு அமைக்கப்பட்டது. அதே ஆண்டு சட்டசபை நிறைவேற்றிய சட்டமூலத்தை ஆளுநர் திருப்பி அனுப்பினார். மீண்டும் நிறைவேற்றப்பட்டு 2023 ஏப்ரலில் சட்டமானது. அந்த நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், ரம்மியும் போக்கரும் திறமை விளையாட்டுகள் என்று சொல்லி, அவற்றுக்கான தடையை நீக்கியது.

2025இன் மத்திய சட்டம் திறமையா அதிர்ஷ்டமா என்ற கேள்வியையே ஒதுக்கிவிட்டது. இணையத்தில் பணம் கட்டி ஆடும் ஆட்டத்தை நடத்துபவருக்கு மூன்று ஆண்டு வரை சிறையும் ஒரு கோடி ரூபாய் வரை அபராதமும் உண்டு. விளம்பரம் செய்பவருக்கும் தண்டனை உண்டு. ஆடியவருக்கு இல்லை, அவர் பாதிக்கப்பட்டவராகவே கருதப்படுகிறார். விருதுக்கும் தடைக்கும் இடையிலான முரண்பாட்டுக்கு விடை இங்கேதான் இருக்கிறது. விருது ஒருவருடைய திறமையைப் பார்த்தது. தடை அந்தத் திறமை இல்லாமல் கைபேசியில் பணம் கட்டிய மற்றவர்களைப் பார்த்தது.

இலங்கையில் 1889ஆம் ஆண்டின் சூதாட்டக் கட்டளைச் சட்டம் பொதுவான தடையாக இருந்தது. 2010இல் கசினோக்களுக்கு அனுமதிப்பத்திரம் வழங்கும் சட்டம் வந்தது. 2025இல் சூதாட்டத்தை ஒழுங்குபடுத்தும் அதிகாரசபைக்கான சட்டம் நிறைவேறியது. அதே ஆகஸ்டில் கொழும்பில் புதிய பெரிய கசினோ ஒன்றும் திறக்கப்பட்டது. இலங்கையர் கசினோவுக்குள் நுழையச் செலுத்தவேண்டிய 50 டொலர் கட்டணத்தை 100 டொலராக்கவும் அரசு தீர்மானித்தது. ஆனால் கைபேசியில் வரும் வெளிநாட்டுத் தளங்களுக்கு வாசலும் இல்லை, நுழைவுக் கட்டணமும் இல்லை.

எங்கள் வீடுகளுக்கு இதில் என்ன?

முஸ்கானும் நிகிதாவும் மேடை ஏறிய அதே 2018இல் இலங்கையில் இன்னொரு கணக்கு நடந்தது. வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்கள் பெற்ற ஒரு இலட்சம் ரூபாய் வரையான நுண்கடன்களைத் தள்ளுபடி செய்வதாக அரசு அறிவித்தது. வடக்கு கிழக்கில் கணவனைப் போரில் இழந்து, வீட்டைத் தனியாகச் சுமந்த பெண்கள் பலர் அந்தக் கடன்களில் சிக்கியிருந்தார்கள். ஒரு போட்டியில் கட்டணமாகத் தொலையும் 1,000 டொலர் அன்றைய பெறுமதியில் அந்தக் கடனைவிடப் பெரியது.

இதைச் சொல்வது அந்த ஆட்டக்காரிகளைக் குறைத்துப் பேச அல்ல. ஆண்களின் மேசையில் அமர்ந்து அறிவால் வென்ற பெண்கள் அவர்கள். ஆனால் அவர்களின் படத்தை வைத்து 'வீட்டிலிருந்தே சம்பாதிக்கலாம்' என்று வரும் விளம்பரம் வேறு. வெளிநாட்டிலிருந்து அண்ணன் அனுப்பிய காசு, இழப்பீட்டுப் பணம், நகை அடகு வைத்த பணம் ஆகியவை ஆட்டத்துக்கு ஒதுக்கும் பணம் அல்ல. இந்த ஆட்டத்தில் திறமை வெல்ல நூற்றுக்கணக்கான தோல்விகளைத் தாங்கும் பணம் வேண்டும். அந்தப் பணம் இல்லாதவர், எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும், திறமை வெல்லும் நாள்வரை மேசையில் இருக்கமாட்டார்.

வீட்டில் ஒருவர் கைபேசியை மறைக்கிறார், இரவில் நித்திரை கொள்வதில்லை, காரணம் சொல்லாமல் கடன் கேட்கிறார் என்றால், திட்டுவதற்கு முன் என்ன நடந்தது என்று இருந்து கேளுங்கள். தோற்ற பணத்தை மீட்க மீண்டும் கட்டுவதுதான் இதில் மிக ஆபத்தான கட்டம். அந்தக் கட்டத்தில் கடனை அடைக்கப் பணம் கொடுப்பதைவிட, கணக்கையும் வங்கி அட்டையையும் வேறொருவர் பொறுப்பில் வைப்பது உதவும். மனவுளைச்சல் தாங்கமுடியாதபோது, தேசிய மனநல உதவிச்சேவையை 1926 என்ற இலக்கத்தில் அழைக்கலாம்.