எல்லைக்கோட்டு மளிகைக் கடை: 1954

புதுச்சேரி விடுதலை வரலாற்றைப் பேசும்போது கீழூர் வாக்கெடுப்பு, நெட்டப்பாக்கம், எதுவார் குபேர், நேரு என்று பெரிய பெயர்களும் பெரிய இடங்களுமே முன்னால் வந்து நிற்கும். அது சரிதான். ஆனால் அந்த ஒரு வருஷத்தைத் தராசுத் தட்டின் பக்கம் இருந்து பார்த்தவர்கள் இருந்தார்கள். அவர்கள் நம் தெருமுனை மளிகைக் கடைக்காரர்கள். அவர்களைப் பற்றி எழுதியவர்கள் குறைவு.

முத்தியால்பேட்டையில் எங்கள் பெரியப்பா மளிகைக் கடை வைத்திருந்தார். 1954-ல் எனக்கு விவரம் தெரியாத வயது. இங்கே எழுதும் கடைச் செய்திகள் பின்னாளில் அவர் வாயால் கேட்டவை; மற்றவை எல்லோரும் அறிந்த சரித்திரம்.

முதலில் ஊரின் அமைப்பைச் சொல்ல வேண்டும். இளைய தலைமுறைக்கு இது தெரியாது. பிரெஞ்சு ஆட்சியின்போது புதுச்சேரிப் பகுதியில் எட்டு கொம்யூன்கள். அவை ஒரே துண்டாகச் சேர்ந்து கிடக்கவில்லை. நடுநடுவே தென்னார்க்காடு மாவட்டத்துக் கிராமங்கள். நமக்கு நெல் கொடுக்கும் பாகூருக்குப் போவதானாலும் வழியில் இந்திய எல்லையைத் தாண்டித்தான் போக வேண்டும். வடக்கே முத்தியால்பேட்டையை விட்டால் அடுத்தது கோட்டக்குப்பம், அது இந்தியா. பெரியப்பாவின் கடையிலிருந்து நடந்தே போய்விடலாம்.

1941-ல் பிரெஞ்சிந்தியாவுக்கும் பிரிட்டிஷ் இந்தியாவுக்கும் சுங்க ஒப்பந்தம் ஒன்று ஏற்பட்டது. அதன்பின் சரக்கு வண்டிகள் பெரிய தடையில்லாமல் வந்து போயின. 1949 ஏப்ரலில் அந்த ஒப்பந்தம் முடிவுக்கு வந்தது. இந்திய அரசு எல்லை நெடுகச் சுங்கச் சாவடிகள் போட்டது. நாங்கள் பள்ளியில் 'துவான்' என்று படித்த சொல் ஊர்ச் சனங்கள் வாயிலும் புழங்கத் தொடங்கியது.

இந்தக் கோடு விழுந்ததும் ஊரில் கடைகள் இரண்டு சாதியாகப் பிரிந்தன என்பார் பெரியப்பா. ஒன்று, கோட்டால் பிழைத்த கடை. வெளிநாட்டுக் கடிகாரம், பேனா, வாசனைத் தைலம், துணிமணி எல்லாம் கப்பலில் வந்து இறங்கின. 1948-ல் சென்னை மாகாணம் முழுவதும் மதுவிலக்கு வந்துவிட்டதால் சாராயக் கடைகளுக்கும் நல்ல காலம். தங்கமும் வைரமும் களவாகக் கோட்டைத் தாண்டிய கதைகள் உங்களில் பலருக்குத் தெரியும். துப்ளே வீதியில், அதாவது இன்றைய நேரு வீதியில், அப்போது காசு புரண்டது.

மற்றொன்று, கோட்டால் நசுங்கிய கடை. மளிகைக் கடை அந்த இரண்டாம் வகை. காரணம் எளிது. கடிகாரம் கடல் வழியே வரும். புளியும் மிளகாயும் கடல் வழியே வராது. பண்ருட்டி மல்லாட்டை, கூடலூர் மண்டிச் சரக்கு, திண்டிவனம் பக்கத்துப் பருப்பு, விறகு, காய்கறி, வெற்றிலை எல்லாம் மாட்டு வண்டி ஏறித் தரைவழியாகத்தான் வர வேண்டும். மனிதன் தினம் தின்பது கோட்டுக்கு அந்தப் பக்கத்தில் விளைந்தது.

1949 முதல் ஐந்து வருஷம் எப்படியோ ஓடிவிட்டது. 1954-ல் பிடி இறுகியது. மார்ச் மாதம் புதுச்சேரியும் மற்ற கொம்யூன்களும் இந்தியாவோடு இணைய வேண்டும் என்று தீர்மானம் போட்டன. மாதக் கடைசியில் நெட்டப்பாக்கத்தில் இந்தியக் கொடி ஏறியது. ஒவ்வொரு கிராமமாகப் பிரெஞ்சு நிர்வாகத்தின் கையை விட்டுப் போயிற்று. எல்லையில் காவல் கூடியது. போக வர அனுமதிச் சீட்டு கேட்டார்கள். சரக்கு வண்டி சாவடியில் மணிக்கணக்கில் நின்றது. வந்தாலும் வந்தது, வராவிட்டாலும் இல்லை.

கடையில் என்ன நடந்தது? முதலில் மூட்டைகள் குறைந்தன. பிறகு, இருக்கும் சரக்கை யாருக்குக் கொடுப்பது என்ற கேள்வி வந்தது. ரொக்கம் கொடுத்து மொத்தமாக வாங்க வசதியுள்ளவர்கள் வந்தார்கள். அவர்களுக்கு விற்றிருந்தால் ஒரே நாளில் நல்ல லாபம். ஆனால் பேரேட்டில் பெயர் உள்ளவர்கள் தறிக்காரர்களும் மில் தொழிலாளர்களும்தான். "அண்ணே, சம்பளம் வந்ததும் தீர்த்துடறேன்" என்று படி அரிசிக்கு நிற்பவர்கள். பெரியப்பா ஒரு விதி வைத்தார்: யாருக்கும் ஒரு நாள் தேவைக்கு மேல் கிடையாது, பழைய பற்று நிற்கிறது என்பதற்காக யாரையும் திருப்பி அனுப்புவதும் கிடையாது. அந்த விதியால் சில பெரிய வீட்டு வாடிக்கைகள் போயின. பெரியம்மாவின் வளையல்கள் அடகுக்குப் போயின.

அந்த மாதங்களில் கடையைத் தாங்கியவர்கள் சொல்தாக்கள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்துப் பென்ஷன் வாங்குகிறவர்களை நம் ஊரில் அப்படித்தானே சொல்வோம்! அவர்கள் கையில்தான் தவறாமல் காசு இருந்தது. அவர்களில் பலருக்குப் பிரெஞ்சுக்காரன் போவதில் சம்மதமில்லை. தறிக்காரர்களில் பலர் இணைப்புக்கு ஆதரவு. இரண்டு பேரும் ஒரே கடை வாசலில் நிற்க வேண்டியிருந்தது. அரசியல் பேசினால் அடிதடியில் முடிகிற காலம் அது. "தராசு முன்னால் கட்சி பேசக்கூடாது" என்று பெரியப்பா சொல்லி வைத்திருந்தாராம். சொல்தா கொடுத்த ரொக்கத்தில் வாங்கிய அரிசிதான் தறிக்காரர் வீட்டுக்குக் கடனாகப் போனது. இது அந்த இரண்டு பேருக்குமே தெரியாது.

அக்டோபர் 18 அன்று கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் வாக்களித்தார்கள். 170 பேர் இணைப்புக்கு ஆதரவு, 8 பேர் எதிர்ப்பு. நவம்பர் 1 அன்று நிர்வாகம் கை மாறியது. கேவல் சிங் பொறுப்பேற்றார். சட்டப்படியான மாற்றம் 1962 ஆகஸ்ட் 16 வரை காத்திருந்தது என்றாலும், கடைக்காரனுக்கு நவம்பர் 1 தான் கணக்கு. வண்டிகள் மறுபடி வந்தன. பாங்க் து லேந்தோஷின் அச்சிட்ட பிரெஞ்சு ரூபாய் நோட்டுகளின் இடத்துக்கு இந்திய ரூபாய் வந்தது. கோட்டால் பிழைத்த கடைகளின் மவுசு குறைந்தது. புளியும் மிளகாயும் பழையபடி மூட்டையாக இறங்கின.

ஆனால் பேரேட்டில் நின்ற கடன் முழுதும் திரும்பவில்லை. சிலர் வேலை தேடி வெளியூர் போய்விட்டார்கள், சிலர் காலமானார்கள். சிலர் இரண்டு மூன்று வருஷம் கழித்து வந்து தீர்த்தார்கள். வராததை என்ன செய்தீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். "அந்த வருஷத்துக் கணக்கை அந்த வருஷத்தோடு மூடிவிட்டேன்" என்றார். வளையல்கள் மட்டும் மீட்கப்பட்டன, அதுவும் நாலு வருஷம் கழித்து.

அரசாங்கக் குமாஸ்தாவாக நான் பல வருஷம் கோப்புகளைப் புரட்டியவன். ஒப்பந்தங்கள், அரசாணைகள், தேதிகள் எல்லாம் கோப்பில் இருக்கும். அந்த ஏழு மாதம் ஊர் பட்டினி கிடக்காமல் யார் பார்த்துக்கொண்டார்கள் என்பது எந்தக் கோப்பிலும் வராது. கொடி ஏற்றியவர்களுக்கு நாம் நன்றி சொல்கிறோம். கொடி ஏறும் வரை உலை எரிய வைத்தவர்களும் அதே ஊர்க்காரர்கள்தான். எங்கள் பெரியப்பா ஒருவர் மட்டும் இல்லை. அரியாங்குப்பத்திலும் வில்லியனூரிலும் உழவர்கரையிலும் இப்படிப் பல கடைகள் இருந்திருக்கும்.

உங்கள் வீட்டுப் பரணில் அந்தக் காலத்துச் சிட்டையோ பேரேடோ கிடந்தால், பழைய பேப்பர்க்காரனுக்குப் போடுவதற்கு முன் ஒருமுறை பிரித்துப் பாருங்கள். 1954 என்று தேதி போட்ட பக்கத்தில் வரவு வராத பற்று எத்தனை என்று எண்ணுங்கள். நம் விடுதலைக்கு அவர்கள் கொடுத்த சந்தா அது.