ஆர்க்ஸ் பிறந்த கதை

ஓசூரில் டிவிஎஸ், ஏத்தர். போச்சம்பள்ளிப் பக்கம் ஓலா. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இப்போது மின்சார ஸ்கூட்டர் காலம். ஓசூரிலிருந்து அத்திப்பள்ளி வரை போக ஒரு வண்டிக்கு எவ்வளவு ஆற்றல் செலவாகும் என்று கணக்குப் போட வேண்டுமா? ஒவ்வொரு நொடியும் தேவைப்படும் திறனை நேரத்தின் மேல் தொகையிட வேண்டும். ஆனால் திறன் நேரத்தை மட்டுமா பார்க்கிறது? ஒற்றை ஆளா, டபுள்ஸா, காலடியில் அரிசி மூட்டை இருக்கிறதா, சாலையின் சரிவு எவ்வளவு என்பதையும் பார்க்கிறது. தொகையிடும் நிரலோ நம் ஃபங்ஷனிடம் நீட்டுவது நேரம் என்ற ஒரே எண்ணைத்தான். எடையும் சரிவும் எந்த வழியாக உள்ளே போகும்?

இந்தச் சிக்கல் ஸ்கூட்டரைவிட ரொம்பப் பழசு. 1958-இல் வந்த ஃபோர்ட்ரான் 2 மொழி, 'காமன்' என்றொரு பொது நினைவிடத்தைத் தந்தது. முதன்மை நிரல் எடையை அங்கே போட்டு வைக்கும், ஃபங்ஷன் அங்கிருந்து எடுத்துக்கொள்ளும். ஊர்ப் பொதுத் தொட்டி மாதிரி: யாரும் மொள்ளலாம், யாரும் கலக்கலாம். ஒரு கோப்பில் 'எடை, சரிவு' என்றும் இன்னொன்றில் 'சரிவு, எடை' என்றும் வரிசை மாறிவிட்டால் கம்பைலர் பெரும்பாலும் வாயே திறக்காது. 150 கிலோ போய்ச் சரிவாக உட்காரும், 0.02 எடையாகும். விடை என்று ஒரு எண் வந்துவிடும், அதுதான் ஆபத்து.

இதே காலத்தில் அல்கால் 60 என்ற மொழி இந்தச் சிக்கலை அழகாகவே தீர்த்திருந்தது. ஒரு புரொசீஜருக்குள் இன்னொன்றை எழுதலாம். உள்ளே இருப்பது வெளியே இருக்கும் எடையைத் தானாகவே பார்க்கும். ஆனால் கணக்குப் போடுகிற கூட்டம் ஃபோர்ட்ரானை விடவில்லை. ஈரோட்டில் பிறந்த வி. ராஜாராமன் கான்பூர் ஐஐடியில் பாடம் நடத்தியதும், நூல் எழுதியதும் அந்த மொழியை வைத்துத்தான்.

1983-இல் பியெசன்ஸ், டி டோங்கர், யூபர்ஹூபர், கஹானர் நால்வரும் குவாட்பேக் என்ற ஃபோர்ட்ரான் தொகையிடல் நிரல் தொகுப்பைப் புத்தகமாக வெளியிட்டார்கள். தொகையிடலில் இன்றைக்கும் அதுதான் அடித்தளம். வளைவு எங்கே முரண்டு பிடிக்கிறதோ அந்தத் துண்டை மட்டும் மேலும் நறுக்கிப் பார்க்கும் கெட்டிக்காரத்தனம் அதற்கு உண்டு. ஆனால் அது கேட்ட ஃபங்ஷனுக்கும் ஒரே ஒரு மாறிதான். மற்றதெல்லாம் பழையபடி காமனில். இரட்டைத் தொகையீடு என்றால் இன்னும் தொல்லை. ஃபோர்ட்ரான் 77-இல் ஒரு சப்ரூட்டீன் தன்னையே அழைக்க முடியாது. அதே ரூட்டீனை வேறு பெயரில் நகலெடுத்துத்தான் உள்தொகையைப் போட வேண்டும்.

சி மொழிக்காரர்கள் வேறு வழி பிடித்தார்கள். ஃபங்ஷனோடு ஒரு சுட்டியையும் சேர்த்துக் கட்டிக் கொடுத்துவிடு. அதற்குள் என்ன இருக்கிறது என்று தொகையிடுபவன் பிரித்துப் பார்க்கத் தேவையில்லை. குனு அறிவியல் நூலகத்தின் ஏற்பாடு இதுதான்.

பைத்தானில் டிராவிஸ் ஒலிஃபண்ட் 1990-களின் கடைசியில் குவாட்பேக்கைச் சுற்றி ஓர் உறை போட்டார். அது 2001-இல் சைபை என்ற அறிவியல் கணக்கு நூலகத்தில் சேர்ந்தது. அங்கேதான் நம் 'ஆர்க்ஸ்', அதாவது நேரம் தவிர மற்ற மதிப்புகளைக் கொடுக்கும் இடம். நம் ஃபங்ஷனில் முதல் இடத்தில் நேரம், அடுத்து எடை, அதற்கடுத்து சரிவு. ஆர்க்ஸில் அதே வரிசையில் மதிப்புகளைக் கொடுத்தால் போதும். வேடிக்கை என்னவென்றால், அந்த உறையின் உள்ளே ஆரம்பத்தில் ஆர்க்ஸ் தங்கியிருந்தது ஒரு குளோபல் மாறியில். ஒரு தொகையீட்டுக்குள் இன்னொன்று வந்தால் பழையதை எடுத்து வைத்து, வேலை முடிந்ததும் திருப்பி வைக்கும் ஏற்பாடும் கூடவே இருந்தது. காமன் வேறு சட்டை போட்டுக்கொண்டு உள்ளேயே இருந்திருக்கிறது!

இப்போது பலர் ஆர்க்ஸைத் தொடுவதே இல்லை. லாம்டா என்ற பெயரில்லாக் குட்டி ஃபங்ஷனை எழுதி, எடையை அதற்குள்ளேயே பூட்டிவிடுகிறார்கள். எனக்கும் அதுதான் பிடிக்கும்: டபுள்ஸுக்கு ஒரு லாம்டா, மூட்டைக்கு ஒரு லாம்டா. வரிசை மாறிவிடுமோ என்ற பயம் பாதி குறைகிறது.