பாகவதர் தீர்ப்புக்காகக் காரைக்கால் காத்திருந்த கதை



போன வாரம் நம் குடும்பக் குழுவில் ஒரு கொலை வழக்கைப் பற்றி நீங்கள் போட்டுக்கொண்ட சண்டையை முழுவதும் படித்தேன். தீர்ப்பு இன்னும் வரவில்லை. ஆனால் நம் சித்தப்பா மகன் தூக்கு வாங்கிக் கொடுத்துவிட்டான், பெரியம்மா மகள் விடுதலை செய்துவிட்டாள்! எனக்கு என் அப்பா சொன்ன ஒரு பழைய வழக்கு ஞாபகம் வந்தது. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

1944 நவம்பர் 8. சென்னை வேப்பேரியில் ரிக்‌ஷாவில் போய்க்கொண்டிருந்த லட்சுமிகாந்தன் என்பவரைக் கத்தியால் குத்தினார்கள். மறுநாள் பொது மருத்துவமனையில் அவர் இறந்தார். அவர் 'சினிமா தூது' என்ற பத்திரிகை நடத்தியவர். நடிகர் நடிகையரின் அந்தரங்கத்தை எழுதுவதுதான் அதன் தொழில். எழுதாமல் இருக்கவும் பணம் வாங்குவார் என்று பேச்சு உண்டு. பாதிக்கப்பட்டவர்கள் கவர்னரிடம் மனுக் கொடுத்து அந்தப் பத்திரிகையின் அனுமதியை ரத்து செய்ய வைத்தார்கள். அவர் விடவில்லை, 'இந்து நேசன்' என்ற பெயரில் தொடர்ந்தார்.

அந்த மனுவில் முன்னால் நின்றவர்கள் எம்.கே. தியாகராஜ பாகவதர், கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன், கோயம்புத்தூர் ஸ்ரீராமுலு நாயுடு. டிசம்பர் கடைசியில் பாகவதரையும் கலைவாணரையும் போலீஸ் கைது செய்தது. நாயுடுவும் வழக்கில் சேர்க்கப்பட்டார், பிறகு விடுபட்டார்.

இப்போதுள்ள பிள்ளைகளுக்குப் பாகவதர் என்றால் யார் என்று புரிய வைப்பது கஷ்டம். அந்தத் தீபாவளிக்குத்தான் 'ஹரிதாஸ்' வந்திருந்தது. சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளி கண்ட படம். கணக்குப் போட்டுப் பாருங்கள். கதாநாயகன் ஜெயிலில் இருக்கிறார், திரையில் அதே ஆள் பட்டு உடுத்திப் பாடிக்கொண்டிருக்கிறார், ஜனங்கள் டிக்கெட் வாங்கிக்கொண்டு போகிறார்கள்.

நம் பக்கத்துக்கு இதில் தனி உறவு. பாகவதர் பிறந்தது மாயவரம். பிரெஞ்சு எல்லையைத் தாண்டினால் பக்கத்து ஊர்க்காரர் என்றுதான் காரைக்காலில் பேச்சு. "கவர்ன்மெண்டு வேறேன்னா சொந்தமும் வேறே ஆயிடுமா?" என்பார் அப்பா. சட்டப்படி இது நமக்கு வெளிநாட்டு வழக்குதான். நம்மூர் வழக்கு என்றால் அப்பீல் புதுச்சேரிக்குப் போகும், அதற்கும் மேலே பாரீஸ். சென்னை வழக்கு லண்டன் போகும்.

அப்பாவுக்கு அப்போது 19 வயது. பேரளத்திலிருந்து வரும் ரயிலில்தான் பத்திரிகைக் கட்டு வரும். சுதேசமித்திரனோ தினமணியோ, ஒரு பிரதியை முப்பது பேர் படிப்பார்கள். படிக்கத் தெரியாதவர்களுக்காக முடிதிருத்தும் கடை வாசலில் ஒருவர் உரக்க வாசிப்பார். யுத்தக் காலக் காகிதப் பஞ்சத்தில் பத்திரிகை இளைத்துப்போயிருந்தது. வழக்குச் செய்தி எத்தனை வரி வருகிறதோ அத்தனையையும் இரண்டு தடவை வாசிக்கச் சொல்வார்களாம். சாட்சி சொன்னதை ஒருவர் நடித்தே காட்டுவாராம்.

வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்தில், நீதிபதி மாக்கெட் முன்னால் ஜூரிகளோடு நடந்தது. ஜூரி என்பதை ஏழாம் வகுப்பில் உங்களுக்குச் சொல்லியிருப்பேன், மறந்திருப்பீர்கள். ஊரில் மதிப்புள்ள ஒன்பது பேர். அன்றைய சட்டப்படி உயர் நீதிமன்றத்தில் ஆறு பேராவது ஒரு பக்கம் சாய்ந்து, நீதிபதியும் ஒப்புக்கொண்டால் அதுதான் தீர்ப்பு. ஒன்பது பேருமே ஒத்துப்போக வேண்டும் என்பதில்லை.

ஒன்றை யோசித்துப் பாருங்கள். அந்த ஒன்பது பேரும் ஆகாயத்திலிருந்து குதித்தவர்கள் அல்ல. அவர்கள் வீட்டுப் பக்கத்திலும் காப்பிக் கிளப் இருந்திருக்கும், அங்கேயும் யாரோ சாட்சியை நடித்துக் காட்டியிருப்பார்கள். அரசுத் தரப்பு அப்ரூவர் சாட்சியத்தையும் நம்பியிருந்தது. குற்றத்தில் பங்காளி என்று தானே ஒப்புக்கொண்டவன் மற்றவர்களைக் காட்டிக் கொடுக்கிறான் என்றால், வேறு ஆதாரம் துணை நிற்காமல் நம்பக்கூடாது என்று சாட்சியச் சட்டமே எச்சரிக்கிறது. கடை வாசலில் அந்த எச்சரிக்கையை யார் வாசிப்பார்கள்?

காரைக்காலில் இரண்டு கட்சி. பணமும் புகழும் கண்ணை மறைத்துவிட்டது என்பவர்கள் ஒரு பக்கம், இந்தக் குரல் கொலை செய்யுமா என்பவர்கள் மறுபக்கம். இரண்டாவது கட்சியில் என் அப்பா. குரலுக்கும் கத்திக்கும் என்ன சம்பந்தம் என்று பிற்பாடு நான் கேட்டதற்கு, "உனக்குப் புரியாதுடா" என்று எழுந்து போய்விட்டார்.

1945 மே 3. பெர்லின் விழுந்த மறுநாள். ஹிட்லர் செத்த செய்தி வந்து இரண்டு நாள் ஆகிறது. உலகமே தலைகீழாகப் புரண்ட வாரம் அது. ஆனால் கடை வாசலில் கூடியவர்கள் முதலில் கேட்டது பாகவதர் என்ன ஆனார் என்பதைத்தான் என்று அப்பா சொல்வார். ஜூரிகள் குற்றவாளி என்றார்கள். இருவருக்கும் ஆயுள் தீவாந்தர தண்டனை. தீவாந்தரம் என்றால் அந்தமான். அந்தமானோ அன்று ஜப்பான்காரன் கையில்! உள்நாட்டு ஜெயில்தான்.

வாசித்தவர் பத்திரிகையை மடித்து வைத்துவிட்டாராம். குற்றவாளி என்று அத்தனை நாள் கத்தியவர்கள்கூடக் கைதட்டவில்லையாம்.

உயர் நீதிமன்றத்தில் செய்த அப்பீல் தள்ளுபடியானது. உயர் நீதிமன்ற ஜூரி தீர்ப்பை எதிர்த்து அப்பீல் செய்யும் உரிமையே 1943இல்தான் சட்டத்தில் சேர்ந்தது. இரண்டு வருஷம் முன்னால் என்றால் கதை அங்கேயே முடிந்திருக்கும். வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் போனது. அப்பீலில் சாட்சியங்களையும் எடைபோட்டுப் பார்க்கும் அதிகாரம் உங்களுக்கு உண்டு, திரும்பக் கேளுங்கள் என்று அங்கிருந்து திருப்பி அனுப்பினார்கள். 1947 ஏப்ரலில் நீதிபதிகள் ஹாப்பலும் ஷஹாபுதீனும் இருவரையும் விடுதலை செய்தார்கள். அதே சாட்சியம், அதே சட்டம். இடையில் போனது ஏறக்குறைய இரண்டு வருஷம்.

ஜூரி முறையே பிறகு நம் நாட்டில் போய்விட்டது. 1959இல் பம்பாய் நானாவதி வழக்கில் ஊரே ஒரு பக்கம் நின்றது. ஜூரிகள் எட்டுக்கு ஒன்று என்று நிரபராதி என்றார்கள், நீதிபதி ஏற்க மறுத்தார். 1973 குற்றவியல் நடைமுறைச் சட்டத்தோடு ஜூரிக்கு இடமே இல்லாமல் போனது.

இதை வகுப்பில் நான் நன்றாகத்தான் பாடம் நடத்தினேன். ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட்டேன். 1986, எட்டாம் வகுப்பு. தேர்வுக் கட்டணப் பணம் காணாமல் போனது. ஒரு பையன் மேல் எல்லோருக்கும் சந்தேகம். "யார் யார் இவன்தான் என்கிறீர்கள், கை தூக்குங்கள்" என்றேன். ஏறக்குறைய அத்தனை கைகளும் எழுந்தன. அவன் மறுநாள் பள்ளிக்கு வரவில்லை. பத்து நாள் கழித்துப் பணம் என் ரெக்கார்டு நோட்டின் அட்டைக்குள்ளேயே கிடைத்தது. அவன் வீட்டுக்குப் போனேன். அவன் அம்மா உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார்கள். அவன் வெளியே வரவில்லை. அதன்பின் அவன் படிக்கவும் இல்லை. அன்று கை தூக்கியவர்களில் சிலர் இதைப் படிப்பீர்கள். தப்பு உங்கள் மேல் இல்லை, தூக்கச் சொன்னவன் நான்.

விடுதலைக்குப் பிறகு கலைவாணர் எழுந்து நின்றார். அவர் உள்ளே இருந்த காலமெல்லாம் டி.ஏ. மதுரம் அம்மையார் வழக்குக்காக ஓடிய ஓட்டம் கொஞ்சநஞ்சமல்ல. 'பைத்தியக்காரன்' அதே 1947இல் வந்தது, 'நல்லதம்பி' பின்னாலேயே வந்தது. பாகவதருக்கு அது வாய்க்கவில்லை. 1948இல் 'ராஜமுக்தி' எடுத்தார், ஓடவில்லை. தொடர்ந்து வந்தவையும் பழைய பாகவதரைத் திருப்பித் தரவில்லை. 1959 நவம்பர் 1ஆம் தேதி அதே சென்னைப் பொது மருத்துவமனையில், லட்சுமிகாந்தன் இறந்த இடத்திலேயே, இறந்தார். நவம்பர் 1 நமக்கு விடுதலை நாள் என்பதால் எனக்கு அந்தத் தேதி மறப்பதில்லை.

லட்சுமிகாந்தனைக் கொல்லச் சொன்னது யார் என்பதற்கு இன்றுவரை விடை இல்லை. அவர் எப்படிப்பட்டவராக இருந்தாலும் செத்தவர் அவர்தான். கடை வாசலில் அவருக்கென்று ஒரு கட்சி இருந்ததாக அப்பா ஒருநாளும் சொன்னதில்லை.

'ராஜமுக்தி' பார்க்க அப்பா மாயவரத்துக்கு சைக்கிளில் போனாராம். கொட்டகையில் பாதிக்கு மேல் காலி. படம் எப்படி என்று நான் கேட்டபோது, "பாட்டு நல்லாத்தான் இருந்துச்சு. ஜனங்கதான் முன்னே மாதிரி இல்லே" என்றார்.