பழைய லை, புதிய லை



மென்பொருள் துறையில் இருக்கும் என் மாணவர் ஒருவர் போனில் தன் வேலையை விளக்கினார். லினக்ஸ் கணினியை அடியிலிருந்து இயக்குவது கெர்னல். பழைய கெர்னல் உள்ள கணினியிலும் புதிய நிரல் ஓட வேண்டும். அதனால் இடையில் உள்ள நிரல் நூலகம் முதலில் புதிய வசதியைக் கேட்குமாம். கெர்னல் "அது என்னிடம் இல்லை" என்றால், பழைய வழியிலேயே வேலையை முடித்துவிடுமாம்.

"தம்பி, இதைத்தான் நாங்கள் வகுப்பறையில் செய்தோம்" என்றேன்.

பெரியார் 1935இல் 'குடி அரசு' இதழில் சீர்திருத்த எழுத்தைப் பயன்படுத்தத் தொடங்கினார். 1978 அக்டோபர் 19 அன்று எம்.ஜி.ஆர். அரசு அதை ஆணையாக்கியது. மாறியவை ணா, றா, னா, அவற்றின் ஒகர ஓகார வரிசைகள், ணை, லை, ளை, னை என 13 எழுத்துகள். ஐகாரத்துக்கு யானைத் துதிக்கைபோல முன்னால் நின்ற கொம்பு போய், மற்ற எழுத்துகளுக்கு உள்ள அடையாளமே வந்தது. களியக்காவிளை தாண்டினால் மலையாளத்திலும் 1971இல் இப்படி ஒரு சீர்திருத்தம் நடந்தது.

பழைய எழுத்தில் படித்த நான் ஆசிரியர் பயிற்சி முடித்து வந்தபோது பாடநூல் புதிய எழுத்தில் இருந்தது. பள்ளி நூலகத்துப் புத்தகங்களோ பழையவை. பலகையில் புதிய 'லை' எழுதி, பக்கத்தில் பழையதையும் காட்டுவேன். இரண்டும் தெரிந்த பிள்ளைக்கு எந்தப் புத்தகமும் திறந்துகொள்ளும்.

பிறகு கணினி வந்தது. பாமினி போன்ற எழுத்துருக்களில் அடித்த வினாத்தாள்கள், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத் தெரிந்தன. யூனிகோடு இதைத் தீர்த்தது. அதில் 'லை' என்பது லகரமும் ஐகாரக் குறியும், அவ்வளவுதான். துதிக்கையோடு காட்டுவதா வேண்டாமா என்பது எழுத்துருவின் வேலை. ஒருமுறை சேர்த்த எழுத்தை நீக்குவதில்லை என்பதும் யூனிகோடின் விதி. 2010இல் தமிழ்நாடு அரசும் யூனிகோடை ஏற்றது.

கணினிக்கு வழி கிடைத்துவிட்டது. நம் பேரப்பிள்ளைகளுக்கு இல்லை. தாத்தாவின் கடிதத்தையும் நிலப் பத்திரத்தையும் பார்த்து, "இது என்ன எழுத்து?" என்று கேட்கிறார்கள். படிக்கத் தெரியாத தாள் கடைசியில் பழைய பேப்பர் கடைக்குத்தான் போகும்.

13 எழுத்துதான் மக்களே. ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளை உட்கார வைத்துச் சொல்லிக்கொடுங்கள். பரணில் உள்ள டிரங்குப் பெட்டியைத் திறந்து, ஒரு பழைய கடிதத்தை அவர்களையே வாசிக்கச் சொல்லுங்கள்.