திரும்பாவிட்டால் வேதியியல் மாற்றமா? குழந்தைக்கு எப்படிச் சொல்லித் தருவது?

ஏழாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தோடு உங்க பிள்ளையோ அக்கா பிள்ளையோ பக்கத்தில் வந்து உட்கார்ந்தால், நமக்கு முதலில் ஞாபகம் வருவது ஒரு வரிதான்: பழைய நிலைக்குத் திரும்பினால் இயற்பியல் மாற்றம், திரும்பாவிட்டால் வேதியியல் மாற்றம். நினைவில் வைக்க எளிது. ஆனா, பல இடங்களில் தப்பாகிவிடும்.

எங்கே இடிக்கிறது?

கிழித்த காகிதம் பழையபடி ஆகாது. இருந்தாலும் ஒவ்வொரு துண்டும் காகிதம்தான். எனவே, அது இயற்பியல் மாற்றம். வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரி இதற்கு நேர்மாறு. மின்சாரம் தரும்போது அதன் தகடுகளில் ஈய சல்பேட் உருவாகிறது. சார்ஜ் ஏற்றினால் தகடுகள் பழைய நிலைக்கு வருகின்றன. திரும்புகிறது, ஆனாலும் வேதியியல் மாற்றம்.

அப்போ என்ன கேட்கணும்?

"புதுசா ஒரு பொருள் உருவாச்சா?" இந்த ஒரு கேள்வி போதும்.

வீட்டிலேயே செய்து காட்டலாம்

* தேங்காய் எண்ணெய்: சுமார் 24 டிகிரி செல்சியஸுக்குக் கீழே உறையும், சூடு பட்டால் உருகும். இரண்டு நிலையிலும் அதே எண்ணெய்தான். இயற்பியல் மாற்றம்.
* மஞ்சள் கறை: வெள்ளைத் துணியில் உள்ள மஞ்சள் கறையில் சோப்பு பட்டால் சிவக்கும். எலுமிச்சைச் சாறு விட்டால் மறுபடி மஞ்சளாகும். திரும்பக்கூடிய வேதியியல் மாற்றம்.
* ஆப்ப சோடா: எலுமிச்சைச் சாறு ஊற்றினால் நுரைக்கும். அதில் வருவது கார்பன் டை ஆக்சைடு என்ற புதுப் பொருள். ஆனால், குமிழியை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீங்க. கொதிக்கிற தண்ணீரிலும் குமிழி வரும். அது வெறும் நீராவிதான்.
* மெழுகுவர்த்தி: இதில் இரண்டும் நடக்கும். மெழுகு உருகி ஆவியாவது இயற்பியல் மாற்றம். அந்த ஆவி எரிந்து கார்பன் டை ஆக்சைடும் நீராவியும் ஆவது வேதியியல் மாற்றம். இதைப் பெரியவர்கள்தான் பற்றவைக்க வேண்டும்.

இதை மட்டும் செய்யாதீங்க

ஆர்வம் வந்த குழந்தை அடுத்து கைவைக்கும் இடம் பாத்ரூம் அலமாரி. பிளீச்சிங் பவுடரும் கழிவறை கழுவும் ஆசிட்டும் கலந்தால் நச்சு வாயுவான குளோரின் வெளியேறும். நுரையீரலைப் பாதிக்கும். ஏன் கலக்கக்கூடாது என்பதையும் பாடத்தோடு சேர்த்தே சொல்லுங்கள். பாட்டில்களைக் கைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள்.

பரீட்சைக்கு?

"வேதியியல் மாற்றம் திரும்பாது" என்று எழுதப் பழகிய பிள்ளைக்கு, "பெரும்பாலும்" என்ற சொல்லைச் சேர்க்கச் சொல்லுங்கள். புதுப் பொருளின் பெயரையும் எழுதட்டும். பதில் சரியாக இருக்கும், பாடமும் புரிந்திருக்கும்.